ஆப்பிரிக்க ஓவியமும் எங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கும் துணியும்



இது நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் "இன்னும் ஒரே ஒரு கணக்கு" என்று உங்களைப் பிடித்து வைத்தவன் நான். அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

லண்டனில் வேலை பார்க்கும் நம் மாணவி ஒருத்தி, போன அக்டோபரில் அங்கே நடந்த ஆப்பிரிக்கக் கலைச் சந்தைக்குப் போய்விட்டு வந்து, நாலு படங்களைப் பழைய மாணவர் குழுவில் போட்டிருந்தாள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஒரு ஓவியத்தின் விலையையும் எழுதி, "இந்தக் காசுக்கு நம்ம ஊர்ல ஒரு கிரவுண்டு வாங்கலாம் சார்" என்று சிரிப்புப் பொம்மையும் வைத்திருந்தாள்.

கீழே பதில்கள் வரிசையாக வந்தன. "என் பையன் இதைவிட நல்லா வரைவான்" என்றான் ஒருத்தன். வரையட்டும், சந்தோஷம். "ஆப்பிரிக்கான்னா முகமூடிதானே செய்வாங்க, ஓவியம் எல்லாம் உண்டா?" என்றாள் ஒருத்தி. தெரியாமல் கேட்டது, தப்பில்லை. மூன்றாவது பதில்தான் எனக்குத் தொண்டையில் சிக்கிக்கொண்டது. "அங்கே சாப்பாட்டுக்கே வழியில்லை. இதுல லண்டன்ல கடை போட்டு ஓவியம் விக்கறது ஒரு கேடா?"

உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அந்த இடத்தில் என் கணக்கிலேயே ஒரு தப்பு இருக்கிறது.

முதலில் அந்தச் சந்தையைப் பற்றி. அதன் பெயர் '1-54'. ஒரு கண்டம், 54 நாடுகள் என்று அர்த்தம். மொராக்கோவைச் சேர்ந்த டூரியா எல் கிளாவி என்ற பெண்மணி 2013-ல் லண்டனில் தொடங்கினார். அவருடைய அப்பா ஹசன் எல் கிளாவி மொராக்கோவின் பேர்பெற்ற ஓவியர். பிறகு நியூயார்க்கிலும் மராகேஷிலும் இதே சந்தை நடக்க ஆரம்பித்தது. பெயரிலேயே ஒரு பாடம் இருப்பதைக் கவனியுங்கள். 'ஆப்பிரிக்கக் கலை' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். கெய்ரோவில் வரைபவருக்கும் கேப்டவுனில் வரைபவருக்கும் உள்ள தூரம், நமக்கும் மங்கோலியாவுக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். ஆசியக் கலை என்று நம் தஞ்சாவூர் ஓவியத்தையும் ஜப்பான்காரர் ஓவியத்தையும் ஒரே மூட்டையில் கட்டினால் நாம் ஒப்புக்கொள்வோமா?

அடுத்தது சாப்பாட்டு விஷயம். சொந்தக்காரர்களுக்கு இது தெரியும், மாணவர்களில் பலருக்குத் தெரியாது. என் முதுகுக்குப் பின்னால் 'நைஜீரியா சார்' என்று கூப்பிடுவீர்களே, அந்தப் பெயர் சும்மா வரவில்லை. 1980-லிருந்து நாலு வருஷம் நைஜீரியாவில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். அப்போது எண்ணெய்ப் பணம் பெருகி, ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்துகொண்டிருந்தார்கள். ஆசிரியர் போதவில்லை. இந்தியாவிலிருந்து எங்களைப் போல நிறையப் பேரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். என் இரண்டு தங்கைகளின் கல்யாணம், அப்பாவின் வைத்தியச் செலவு, இந்த வீட்டின் கீழ்த்தளம் எல்லாம் நைரா பணம். ஆகவே, சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் என்று யாரைச் சொன்னாயோ தம்பி, அவர்கள் போட்ட சாப்பாட்டை நானும் என் குடும்பமும் சாப்பிட்டிருக்கிறோம். அங்கே வறுமை இல்லை என்று சொல்லவில்லை. இங்கேயும் இருக்கிறது. அதற்காக நாம் கோலம் போடுவதை நிறுத்தினோமா?

நான் வேலை பார்த்தது போர்ட் ஹார்கோர்ட்டிலிருந்து படகில் போகிற ஒரு ஊர். கலபாரி என்ற மக்கள் வாழும் இடம். சுற்றிலும் உப்பங்கழி, அலையாத்திக் காடு, நம் பிச்சாவரம் மாதிரியே இருக்கும். போன இரண்டாவது மாதம் ஊர்ப் பெரியவர் ஒருவர் இறந்துவிட்டார். தலைமையாசிரியர் என்னைத் துக்கம் விசாரிக்கக் கூட்டிப்போனார். அந்த வீட்டில் கட்டில்களை அலங்கரித்து வைத்திருந்தார்கள். ஒரு அறையில் ஒரு வகைத் துணி, அடுத்த அறையில் வேறு வகை, மடித்து அடுக்கி, சுவர் வரைக்கும் ஏற்றிக் கட்டியிருந்தார்கள். எந்தக் கட்டிலுக்கு எந்தத் துணி என்று முறை இருக்கிறதாம். நம் வீட்டுப் பெரியம்மாக்கள் எந்தச் சடங்குக்கு எந்தப் புடவை என்று சொல்வதைப் போல.

அதில் ஒரு அறையில் கட்டம் போட்ட பருத்தித் துணி. கருஞ்சிவப்பும் நீலமும். பார்த்ததும் என் தாத்தா தோளில் கிடந்த துண்டு நினைவுக்கு வந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்த தலைமையாசிரியர், "ஏன் அப்படிப் பார்க்கிறாய்? உங்கள் ஊர்த் துணிதான்" என்றார்.

உண்மைதான். 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்' என்று ஏற்றுமதிக்காரர்கள் சொல்லும் துணி அது. பெயர்தான் கைக்குட்டை, அளவு ஏறக்குறைய ஒரு கஜச் சதுரம். சென்னையைச் சுற்றியிருந்த தறிகளிலும் ஆந்திரக் கரையில் சீராலா பக்கமும் நெய்து, நூற்றாண்டுக் கணக்கில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றியிருக்கிறார்கள். கலபாரிக்காரர்கள் அதற்கு 'இஞ்சிரி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தியா என்ற சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். பக்கத்தில் இருக்கும் இக்போ மக்கள் 'ஜார்ஜ்' என்பார்கள். எந்த ஜார்ஜ் தெரியுமா? நம் கோட்டை. சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டை. சட்டசபை நடக்கிறதே அதே இடம். அங்கிருந்து கப்பலேறியதால் வந்த பெயர் என்கிறார்கள். நைஜீரியாவில் இன்றைக்கும் கல்யாணப் பெண் 'ஜார்ஜ்' கட்டிக்கொண்டு வருகிறாள். அதில் நம் ஊர்க் கோட்டையின் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. கலபாரிப் பெண்கள் அந்தத் துணியை அப்படியே கட்டிக்கொள்வதோடு விடவில்லை. நெய்து முடித்த துணியில் குறிப்பிட்ட சில இழைகளை ஊசியால் தூக்கி, பிளேடால் அறுத்து, ஒவ்வொன்றாக உருவி எடுப்பார்கள். எடுத்த இடத்தில் வலை மாதிரி ஒரு புதுக் கோலம் தெரியும். 'பெலெத்தே பிட்டே' என்று பெயர். வெட்டிய துணி என்று பொருள். நம் நெசவாளி ஒரு இழையையும் விடாமல் நெய்தால், அந்த அம்மாக்கள் இழையை எடுத்தே தங்களுடைய துணியாக்கிக்கொண்டார்கள். ஒரு துணிக்கு நிறைய நாள் ஆகும். கண் போய்விடும். 'ஆப்பிரிக்கான்னா முகமூடிதானே' என்று கேட்ட பெண்ணே, இதை எந்தக் கணக்கில் சேர்ப்பாய்?

இப்போது கடை போட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

அடென்ரெலே சோனாரிவோ என்று ஒரு நைஜீரியப் பெண்மணி. அமெரிக்காவில் கணக்கியல் படித்து, ஒரு பெரிய தணிக்கை நிறுவனத்தில் வேலை பார்த்தவர். நம் மாணவர்களில் பாதிப் பேர் ஆசைப்பட்ட வேலை. அதை விட்டுவிட்டு ஊர் திரும்பி, 2015-ல் லாகோஸில் 'ரெலே' என்று ஒரு கேலரி தொடங்கினார். அடுத்த வருஷமே பேர் தெரியாத இளம் கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து அறிமுகப்படுத்தும் திட்டத்தை ஆரம்பித்தார். 2017-ல் வெனிஸ் பியன்னாலே என்ற உலகப் பெரிய கலை விழாவில் நைஜீரியா முதன்முறையாகத் தன் சொந்த அரங்கை வைத்தபோது, அதை அமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அந்த விழா 1895-லிருந்து நடக்கிறது. இருபது கோடிக்கும் அதிகமானோர் வாழும் நாட்டுக்கு அங்கே தனி இடம் கிடைக்க 122 வருஷம் ஆகியிருக்கிறது. கழித்துப் பாருங்கள், கணக்கு சரியாக வரும்.

அந்த அரங்கில் பெஜு அலதிசே என்ற சிற்பி வைத்திருந்தது சிறகு முளைத்த எட்டுச் சிறுமிகளின் உருவங்கள். லாகோஸில் வீட்டு வேலை செய்யும் பத்து வயதுப் பெண் ஒருத்தி, பறந்துபோவதாகக் கனவு காண்கிறாள். அந்தக் கதைதான் சிற்பம். வீட்டு வேலைக்குப் போனதால் படிப்பை விட்ட பெண்கள் என் வகுப்பிலும் இருந்தார்கள். வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் கோடு போட்ட கை இது. அந்தச் சிற்பத்தின் படத்தைப் பார்த்தபோது அது எனக்கு வேறு நாட்டு விஷயமாகப் படவில்லை.

2021 பிப்ரவரியில் சோனாரிவோ அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் கேலரி திறந்தார். கொரோனா காலம். முதல் கண்காட்சிக்கு அவர் வைத்த பெயர் 'ஒரிட்டா மெட்டா'. யோருபா மொழியில் முச்சந்தி என்று அர்த்தம். மூன்று இளம் பெண் கலைஞர்களின் படைப்புகள். அதில் மார்செலினா அக்போஜோட்டார் தையலில் மிஞ்சிய துணித் துண்டுகளை ஒட்டியே மனித உருவங்களை உருவாக்குகிறவர். டோனியா நெஜி, சினைப்பை நீர்க்கட்டியோடு தான் பட்ட பாட்டை வரைந்தவர். நம் வீடுகளில் பெண்கள் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் அந்த நோயை, அவர் ஆளுயரப் படமாக வரைந்து வெளிநாட்டுச் சுவரில் மாட்டினார். மூன்றாமவர் சிடின்மா நொலி. பிற்பாடு ரெலே லண்டன் மேஃபேரிலும் கதவைத் திறந்தது.

"சரி சார், அது பணக்காரர் விளையாட்டுதானே" என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கணக்காகவே பார்ப்போம்.

கேலரிக்காரர் பெரும்பாலும் ஓவியத்தை விலை கொடுத்து வாங்கி வைப்பதில்லை. விற்றுத் தருகிறேன் என்று பொறுப்பில் எடுத்துக்கொள்கிறார். விற்றால் பொதுவாகப் பாதி கலைஞருக்கு, பாதி கேலரிக்கு. 10,000 டாலருக்குப் படம் போனால் கலைஞருக்கு 5,000. மீதி 5,000-ல்தான் கடை வாடகை, ஆள் சம்பளம், மரப்பெட்டி செய்து அடைப்பது, விமானச் சரக்குக் கூலி, காப்பீடு, சந்தையில் ஸ்டால் வாடகை எல்லாம். படம் விற்கவில்லை என்றாலும் வாடகை நிற்காது. மேஃபேர் வாடகை எப்படி இருக்கும் என்று லண்டன் பிள்ளைகளைக் கேளுங்கள். பாதி எடுத்துக்கொள்கிறார்களே என்று எனக்கும் முதலில் கோபம் வந்தது. கூட்டிப் பார்த்த பிறகு குறைந்தது.

கோபப்பட வேண்டிய இடம் வேறு இருக்கிறது. கானா நாட்டு ஓவியர் அமோவாகோ போவாஃபோ 2019-ல் வரைந்த 'எலுமிச்சை நீச்சலுடை' என்ற படம், மறுவருஷம் பிப்ரவரியில் லண்டன் ஏலத்துக்கு வந்தது. 30,000 முதல் 50,000 பவுண்டு போகும் என்று எதிர்பார்த்தார்கள். போனது 6,75,000 பவுண்டு. வரைந்து ஒரு வருஷம் ஆகியிருந்தால் அதிகம். இப்படிக் கைமாறும் லாபம் முதலில் வாங்கி வைத்திருந்தவருக்குப் போகும். வரைந்த கைக்கு அல்ல. நெல்லைக் களத்துமேட்டிலேயே வாங்கி, குடோனில் போட்டு, மூன்று மடங்குக்கு விற்கும் வியாபாரியை உங்களுக்குத் தெரியும். அதே கதைதான். அதனால்தான் அந்த ஊர் ஆளே அந்த ஊர்க் கலைஞருக்காக வெளிநாட்டில் கடை போடுவது முக்கியம் என்கிறேன். இன்றைக்கு விற்று நாளைக்கு மறப்பவர் கையிலும், பத்து வருஷம் அந்தக் கலைஞரோடு நடக்கப்போகிறவர் கையிலும் படம் ஒரே மாதிரி போகாது. யாருக்கு விற்கிறோம், அவர் நாளைக்கே ஏலத்தில் விடுவாரா என்று பார்த்து விற்பதும் நல்ல கேலரிக்காரரின் வேலை.

இன்னொரு கேள்வியும் வரும். "ஊர்லயே வித்தா என்ன? எதுக்கு வெள்ளைக்காரன் வாசல்?" இதற்கு இரண்டு சம்பவம் சொல்கிறேன்.

ஒன்று, பழையது. 1897-ல் பிரிட்டிஷ் படை பெனின் நகரத்தை எரித்து, அரண்மனையிலிருந்த பித்தளைத் தகடுகளையும் தந்த வேலைகளையும் ஆயிரக்கணக்கில் அள்ளிக்கொண்டு போனது. பிரிட்டிஷ் மியூசியத்தில் மட்டும் பெனின் பொருள்கள் 900-க்கு மேல் இருக்கின்றன. 2022-ல்தான் ஜெர்மனி தன் அருங்காட்சியகங்களில் இருந்தவற்றின் உரிமையை நைஜீரியாவுக்குத் திரும்ப எழுதிக் கொடுத்தது. நான் வேலை பார்த்த கலபாரி ஊர்களிலிருந்தும், முன்னோர்களை வணங்க வைத்திருந்த மரப் பலகைச் சிற்பங்கள் 1916-ல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயிருக்கின்றன. அனுப்பியவர் டால்போட் என்ற காலனி அதிகாரி. ஆக, ஆப்பிரிக்கக் கலை வெளிநாடு போவது புதிது அல்ல. தன் ஆள், தன் விலை, தன் பெயரோடு போவதுதான் புதிது.

இரண்டு, சமீபத்தியது. சோகரி டக்ளஸ் கேம்ப் என்ற பெண் சிற்பி. புகுமா என்ற கலபாரி ஊரில் பிறந்து லண்டனில் வாழ்பவர். தூக்கிலிடப்பட்ட எழுத்தாளர் கென் சாரோ-விவாவின் நினைவாக எஃகில் ஒரு பேருந்தையே செய்தார். எண்ணெய்க் கசிவால் பாழான தன் மண்ணுக்காகப் போராடிய மனிதர் சாரோ-விவா. 1995-ல் ராணுவ ஆட்சி அவரைத் தூக்கில் போட்டது. அந்தப் பேருந்து லண்டனில் தெருவில் நின்றது. 2015-ல் அதை நைஜீரியாவுக்கு அன்பளிப்பாக அனுப்பினார்கள். லாகோஸ் துறைமுகத்தில் சுங்க அதிகாரிகள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். சொந்த ஊரில் வைக்க முடியாததை வெளியூரில் வைக்க முடிகிறது என்றால், வெளியூர் வாசல் அவசியமா இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

ஆனாலும் வெளியூர் வாசல் மட்டும் போதும் என்றும் நான் சொல்ல மாட்டேன். என் கருத்தை மூன்று கேள்வியாக வைத்திருக்கிறேன். யார் கேலரி திறந்தாலும் இந்த மூன்றையும் கேட்கலாம்.

முதல் கேள்வி: செய்தவர் பெயர் சுவரில் இருக்கிறதா?

இரண்டாவது: காசில் அவர் பங்கு எவ்வளவு, அது அவர் கைக்குப் போகிறதா?

மூன்றாவது: அந்தக் கலைஞரின் ஊரில் ஒரு கதவு திறந்திருக்கிறதா? அங்கே இருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை காசில்லாமல் உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?

சோனாரிவோ லாகோஸில் ஆறு வருஷம் நடத்திக் காட்டிவிட்டுத்தான் லாஸ் ஏஞ்சலிஸ் போனார். அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. போவாஃபோவும் கையில் பணம் வந்த பிறகு, 2022-ல் அக்ராவில் மற்றக் கலைஞர்கள் தங்கி வேலை செய்ய ஒரு இடம் கட்டினார். மூன்றாவது கேள்விக்கு இவை நல்ல பதில்கள். விலை ஏறும், இறங்கும். இந்தச் சில வருஷங்களில் தலையில் தூக்கி வைத்த இளம் ஓவியர்களைச் சந்தை நாளைக்கே கீழே போடலாம். அப்போதும் ஊரில் அந்தக் கதவு திறந்திருந்தால் அவர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

இப்போது, நான் பதில் எழுதுவதைப் பாதியில் நிறுத்திய காரணம்.

லண்டன் மாணவி குழுவில் போட்டது நாலு படம். அதற்கு முன்னாலேயே எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். "சார், நவராத்திரிக்கு உங்க வீட்டுல கொலுப் படியில விரிப்பீங்களே, அந்த ஓட்டை ஓட்டையா இருக்கிற கட்டம் போட்ட துணி, அது என் போன்ல பழைய படத்துல இருந்துச்சு. இங்கே ஒரு நைஜீரிய அம்மா நின்னாங்க, அவங்ககிட்ட காட்டினேன். பார்த்த உடனே 'கலபாரி வேலை' அப்படின்னாங்க. கண்ணு கலங்கிடுச்சு அவங்களுக்கு. அப்புறம், 'செஞ்சவங்க பேர் என்ன?'ன்னு கேட்டாங்க. எங்க சாரைக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். பேர் என்ன சார்?"

எனக்குப் பெயர் தெரியாது.

அந்தத் துணியைக் கொடுத்தது என் மாணவன் ஒருவனின் பாட்டி. பள்ளி இறுதித் தேர்வுக்கு அவனுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. 1984-ல் நான் ஊருக்குக் கிளம்பும்போது அந்த அம்மா படகுத்துறை வரைக்கும் வந்து, பழைய செய்தித்தாளில் சுற்றிய துணியைக் கையில் வைத்தார். தானே இழை உருவிய துணி. நான் பணம் எடுத்தேன். கையைத் தட்டிவிட்டார். பேரன் மொழிபெயர்த்தான்: "உன் ஊர்த் துணியாம், பாட்டியோட வேலையாம். ரெண்டையும் சேர்த்து எடுத்துட்டுப் போகச் சொல்றாங்க." ஊரே அவரை 'மாமா' என்றது. அங்கே மாமா என்றால் அம்மா. நானும் நாலு வருஷம் 'மாமா' என்றே கூப்பிட்டேன். பெயர் கேட்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

முப்பத்தைந்து வருஷம் தினமும் காலையில் பெயர் கூப்பிட்டவன் நான். ஒரு பெயரைத் தப்பாக உச்சரித்தால்கூட அந்தப் பிள்ளையின் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் வீட்டில், நாற்பது வருஷமாக ஒரு கலைஞரின் வேலை பெயரில்லாமல் கிடந்திருக்கிறது. கொலுவுக்கு வந்தவர்கள் "எங்கே வாங்கினது?" என்று கேட்பார்கள். "நைஜீரியா" என்போம். யார் செய்தது என்று அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பிரிட்டிஷ் மியூசியத்தின் சீட்டில் 'செய்தவர் தெரியவில்லை' என்று போட்டிருந்தால் எனக்குக் கோபம் வருகிறது. என் பீரோவில் அந்தச் சீட்டுகூட இல்லை. மூன்றாவது பதில் எழுதிய தம்பியைத் திட்ட உட்கார்ந்தபோது இந்தக் கேள்விதான் குறுக்கே வந்தது. அவனுக்குத் தெரியாது, அதனால் சொன்னான். எனக்கு எல்லாம் தெரியும், அப்படியும் கேட்காமல் வந்தேன்.

அந்தக் கேலரிகள் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. சுவரில் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சீட்டு. பெயர், பிறந்த வருஷம், ஊர், எதில் செய்தது. அந்த நாலு வரிக்காக ஒரு பெண் தணிக்கை வேலையை விட்டு, அவ்வளவு வாடகை கொடுத்து, வெளிநாட்டில் கடை போட்டிருக்கிறாள் என்றால், எனக்கு அது கேடாகத் தெரியவில்லை. நான் காசு செலவில்லாமல் செய்திருக்கக்கூடிய வேலையை அவள் காசு போட்டுச் செய்கிறாள்.

வீட்டில் இதைப் பேசினோம். துணியை விற்கலாமா என்று மகன் கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை, விலை இருக்கும் என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. உங்கள் அம்மா மாதிரி உங்களுக்குச் சாப்பாடு போட்டவள், நம் வீட்டு அம்மா, ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "பேர் தெரியாம எப்படி விக்கிறது? யாரோடதுன்னு விக்கிறது?" விற்கப் போவதில்லை. இந்த வருஷம் முதல் கொலுவிலும் விரிக்கப் போவதில்லை. மடித்து வைத்த இடத்திலேயே இழை விட ஆரம்பித்திருக்கிறது. வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, பாச்சை உருண்டை போடாமல், மாதம் ஒருமுறை மடிப்பை மாற்றி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், செய்கிறோம்.

ஒரு நல்ல விஷயம். என் பழைய மதிப்பெண் நோட்டு பரணில் கிடைத்தது. கரையான் ஓரத்தைத் தின்றிருக்கிறது, உள்ளே பக்கங்கள் நன்றாக இருக்கின்றன. அந்தப் பையனின் முழுப்பெயரும் அப்பா பெயரும் அதில் இருக்கின்றன. கடைசித் தேர்வில் 71 மார்க். இப்போது அவனுக்கு அறுபது வயதை ஒட்டி இருக்கும். அவன் பெயரை இங்கே எல்லோர் முன்னாலும் போடுவது சரியாகாது.

அதனால் உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். போர்ட் ஹார்கோர்ட்டில் எண்ணெய்க் கம்பெனி வேலையில் நம் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். புகுமா பக்கம் போய்வரக்கூடியவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். துணியின் படத்தையும் நோட்டுப் பக்கத்தையும் அனுப்புகிறேன். லண்டன் மாணவி, அந்த நைஜீரிய அம்மாவைத் திரும்பப் பார்த்தால், சாருக்குப் பெயர் தெரியவில்லை, தேடிக்கொண்டிருக்கிறார் என்று உள்ளதைச் சொல்லிவிடு. பாட்டியின் பெயர் தெரிந்தால் துணிக்குப் பக்கத்தில் எழுதி வைப்பேன். குடும்பத்தார் திரும்பக் கேட்டால், கொண்டுபோய்க் கொடுக்கிற செலவு என்னுடையது.

மற்றவர்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டில் யாரோ கையால் செய்த பொருள் ஒன்று கட்டாயம் இருக்கும். பாட்டி பின்னிய கூடை, ஊர்த் தச்சர் செய்த ஊஞ்சல், செட்டிநாட்டுப் பக்கம் வாங்கிய பாய். செய்தவர் பெயர் தெரிந்த ஆள் வீட்டில் இன்னும் இருக்கும்போதே கேட்டு, ஒரு சீட்டில் எழுதி அடியில் ஒட்டி வையுங்கள். இன்றைக்கே செய்யுங்கள். வீட்டுப்பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பதில் எழுதிய தம்பி, கோபம் இல்லை. அடுத்த முறை ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வா. அந்தத் துணியை விரித்துக் காட்டுகிறேன். சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்